நியூரோடைவர்ஸ் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான வழிபாட்டுக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எந்த வழிபாட்டு இடமானாலும், இளைஞர் குழு நடத்துபவர்களும் பெற்றோரும் சில சமயம் பிள்ளைகளே நேரடியாகவும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னதை வைத்துத்தான் நிற்கின்றன.

நியூரோடைவர்ஸ்னா ஆட்டிசம்தானே?

மூளை வேலை செய்யும் விதம் பெரும்பாலானவர்களிடமிருந்து வேறுபட்டிருப்பதுதான் நியூரோடைவர்ஸ். ஆட்டிசம் அதில் ஒன்று. கவனம் நிலைக்காமலும் துறுதுறுப்போடும் இருக்கவைக்கும் ஏடிஹெச்டி, வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் டிஸ்லெக்சியா, உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கச் சிரமப்படுத்தும் டிஸ்ப்ராக்சியா, கட்டுக்கடங்காத அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் எல்லாம் இதற்குள் வரும். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சகஜம். முன்பு ஆஸ்பெர்கர் என்று தனியாகச் சொல்லப்பட்டது, 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு) முதல் ஆட்டிசத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதும், அளவுக்குக் குறைவாக உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது அதே பதிப்பில்தான்.

குழு நடத்துபவருக்கு இந்தப் பெயர்களைவிட, இந்தப் பிள்ளைக்கு எது கஷ்டம், எது பிடிக்கும் என்பதுதான் முக்கியம். சேர்த்துக்கொள்ள மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். பரிசோதனையே செய்யாத பிள்ளைகள் ஏராளம்.

எங்க இடத்துல அப்படிப்பட்ட பிள்ளைங்க யாருமே இல்லையே. எதுக்கு இதெல்லாம்?

அநேகமாக இருந்தார்கள், வருவதை நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து சமாளித்த பிள்ளை, பதிமூன்று வயதில் தனியாக வரிசையில் நிற்க வேண்டி வரும்போதுதான் சிக்கல் வெளியே தெரிகிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் குடும்பம் வீட்டிலேயே வழிபட ஆரம்பித்துவிடும். யாரும் புகார் சொல்லிவிட்டுப் போவதில்லை.

இன்னொரு கூட்டமும் உண்டு. அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், எல்லாம் சரியாகச் செய்வார்கள், வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்கள். தங்கள் இயல்பை மறைத்து நடிப்பதில் மொத்தத் தெம்பும் போய்விடுகிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் இது கண்ணில் படாமல் போகிறது.

தனிக் குழு போடணுமா, எல்லா இளைஞர்களோடயும் சேர்த்துடலாமா?

இரண்டும் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. சேர்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, கத்தல் நிறைந்த பெரிய கூட்டத்தின் மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பதால் பயனில்லை. தனிக் குழு மட்டும் வைத்து, அதன் கதவைத் தாண்டி யாரும் வராமல் பார்த்துக்கொள்வதும் ஒதுக்கிவைப்பதுதான்.

நடைமுறையில், சிறிய குழு ஒன்றை நிலையாக நடத்துங்கள். விருப்பமுள்ள பொதுக்குழுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும் அதில் உறுப்பினர்களாகவே இருக்கட்டும். உதவியாளர்கள் என்ற பட்டம் அவர்களுக்கு வேண்டாம். அந்தப் பட்டம் வந்ததும் நட்பு போய்ச் சேவை வந்துவிடும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு இந்தக் குழு சேர்ந்தே போகட்டும், போதும் என்றால் சேர்ந்தே திரும்பட்டும்.

எத்தனை பேரோட ஆரம்பிக்கலாம்? எவ்வளவு நேரம்? எத்தனை பெரியவங்க வேணும்?

ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். நேரம் 75 நிமிடம், அதிகபட்சம் 90. மாதம் ஒரு முறை என்றால் ஒவ்வொரு முறையும் புது இடம் போலவே தோன்றும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, அதே கிழமை, அதே நேரம், அதே அறையில் கூடுங்கள். ஒரு முறை ரத்தானால் அன்று காலையில் சொல்லாமல் முடிந்தவரை முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அவர்களைத் தவிர, எந்தப் பொறுப்பும் இல்லாத ஒருவர் கட்டாயம் வேண்டும். ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனால் பின்னால் போவதுதான் அவருடைய ஒரே வேலை. நடத்துபவரே அதற்கும் ஓடினால் மீதி ஏழு பேரின் நிகழ்ச்சி நின்றுவிடும். புதுக் குழுக்களில் அதிகம் சறுக்குவது இந்த ஆள் கணக்கில்தான். அதிக ஆட்களைச் சேர்ப்பதும் தவறு. எட்டுப் பிள்ளைகளைச் சுற்றிப் பன்னிரண்டு தன்னார்வலர்கள் நின்றால் அது கண்காணிப்பு அறையாகிவிடும்.

இடத்துல என்னென்ன மாத்தணும்? பெரிய செலவு இழுக்குமா?

பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை, சிலவற்றை நிறுத்தினால் போதும். முதலில் ஒலி. சிறிய அறையில் மைக் வேண்டாம். இருந்தே ஆக வேண்டுமானால், 'ஹலோ, ஹலோ' சோதனையும் அதோடு வரும் கீச்சலும் பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். மணி, மேளம், கைதட்டல் போல திடீரென்று எழும் சத்தம் ஏதேனும் வழிபாட்டில் உண்டென்றால், ஐந்து நிமிடம் முன்பும் ஒரு நிமிடம் முன்பும் சொல்லிவிடுங்கள். ஒரே சத்தம், எதிர்பார்த்து வரும்போது தாங்க முடிகிறது, எதிர்பாராமல் வந்தால் முடிவதில்லை. காது மூடிகள் நாலைந்து வாசலிலேயே கூடையில் இருக்கட்டும். நல்லவை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும்.

அடுத்து ஒளி. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்குகிறது. நமக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலியே வரும். சன்னல் வெளிச்சம் போதுமென்றால் விளக்கை அணைத்துவிடுங்கள். மூன்றாவது மணம். ஊதுபத்தி, சாம்பிராணி, அறை நறுமணத் தெளிப்பான், பெரியவர்களின் சென்ட், முந்தின நாள் தரை துடைத்த பினாயில் எல்லாம் கணக்கில் வரும். வழிபாட்டுக்குப் புகை அவசியம் என்றால் அது காற்று வெளியேறும் பக்கத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் எதிர்ப்பக்கம் உட்காரட்டும்.

உட்காரும் முறைக்கும் யோசனை வேண்டும். வட்டமாக உட்கார வைத்தால் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்தாக வேண்டும், நடுவில் யாரும் எழுந்து போகவும் கூச்சப்படுவார்கள். லாட வடிவில் போட்டு, திறந்த பக்கம் கதவை நோக்கி இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடங்கள்தான் முதலில் நிரம்பும், அதனால் அவற்றை அதிகப்படுத்துங்கள். தரைவிரிப்பு, முதுகு சாயும் நாற்காலி, நின்றுகொண்டே இருக்க ஒரு ஓரம் என மூன்றும் வேண்டும்.

அமைதி அறைன்னு சொல்றாங்களே, அதுல என்ன வைக்கணும்?

மங்கிய வெளிச்சம், இரண்டு மெத்தை அல்லது தலையணை, ஒரு போர்வை, தண்ணீர், காது மூடி, கையில் வைத்து உருட்டவும் பிசையவும் சில பொருட்கள். எடையுள்ள மடிவிரிப்பு வைத்தால், பிள்ளை தானே தூக்கி விலக்கக் கூடியதாக இருக்க வேண்டும். வண்ண விளக்கும் குமிழி எழும் நீர்க்குழாயும் விற்பவர்கள் பின்னால் போக வேண்டாம்.

அறையைவிட அதன் விதிகள் முக்கியம். அனுமதி கேட்காமல் போகலாம். எவ்வளவு நேரமும் இருக்கலாம். 'என்னாச்சு?' என்று யாரும் கேட்கக் கூடாது. தாழ்ப்பாள் உள்ளேயும் வெளியேயும் கிடையாது. கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும், வெளியே ஒரு பெரியவர் கண்ணில் படும்படி உட்கார்ந்திருப்பார். தண்டனையாக அங்கே ஒரு முறை அனுப்பினாலும் போதும், அதன்பின் யாரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். தனி அறை இல்லையென்றால் வராந்தாவின் ஒரு முனையைத் திரை போட்டு ஒதுக்கலாம். அழுக்குப் பொருட்கள் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூம் மட்டும் வேண்டாம்.

சேர்றதுக்கு முன்னாடி அம்மா அப்பாகிட்ட என்ன கேட்டுக்கணும்?

ஒரே தாளில் ஒரு படிவம் போதும். உணவு ஒவ்வாமை, மருந்து, வலிப்பு உண்டா, திடீரென்று வெளியே ஓடும் பழக்கம் உண்டா, சிரமம் வரும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, அப்போது எது உதவும், எதைச் செய்யவே கூடாது, யாரை அழைக்க வேண்டும். 'எதைச் செய்யவே கூடாது' என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தோளைத் தட்டிக் கொடுப்பதுதான் ஒரு பிள்ளைக்கு உச்சக்கட்ட எரிச்சல் என்பது அந்த வரியில்தான் தெரியவரும்.

படிவத்தின் மறுபக்கம் பிள்ளைக்கு. உனக்குப் பிடித்த விஷயம் என்ன, பிடிக்காத சத்தம் எது, எங்கே உட்கார விருப்பம், உன்னைப் பற்றி மற்றவர்களுக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது. பெற்றோர் பக்கமும் பிள்ளை பக்கமும் முரண்பட்டால், ஆபத்து சம்பந்தப்பட்டது தவிர மற்றதில் பிள்ளை சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்துக்கு முன்பு ஆளில்லாத நேரத்தில் ஒரு முறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். வாசல், செருப்பு விடும் இடம், கழிப்பறை, அமைதி அறை, நடத்துபவர் முகம் என்று ஆறேழு புகைப்படங்களை முன்கூட்டியே அனுப்பினால் பாதிப் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒரு கூட்டம் எப்படிப் போகும்? நிமிஷக் கணக்கா சொல்லுங்களேன்.

75 நிமிடத்துக்கு ஒரு மாதிரி. முதல் 15 நிமிடம் வந்து சேர்வது: மேசையில் வரைய, கோக்க, விளையாட ஏதாவது இருக்கும், யாரும் யாரோடும் பேச வேண்டிய கட்டாயமில்லை. 5 நிமிடம் இன்றைய வரிசையைச் சொல்வது. 10 நிமிடம் வழிபாடு, ஒவ்வொரு முறையும் அதே தொடக்கம், அதே முடிவு. 15 நிமிடம் பாடம் அல்லது கதை, கையில் தொட்டுப் பார்க்கும் ஒரு பொருளோடு. 20 நிமிடம் சேர்ந்து செய்யும் வேலை. 5 நிமிடம் முடிவு வழிபாடு. கடைசி 5 நிமிடம் கிளம்புவது. 'ஃப்ரீ டைம்' என்று எதையும் அறிவிக்காதீர்கள். நமக்கு அது ஓய்வு, என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைக்கு அதுவே கூட்டத்தின் மிகக் கடினமான பகுதி.

வரிசையைச் சுவரில் படங்களோடு ஒட்டுங்கள். அஞ்சலட்டை அளவு அட்டைகள், படமும் இரண்டு வார்த்தையும், ஒட்டி எடுக்கும் பட்டையில். ஒன்று முடிந்ததும் ஒரு பிள்ளை அதை எடுத்துக் கீழே உள்ள உறையில் போடட்டும். நாலாவது அட்டை உறைக்குள் போகும்போது இன்னும் மூன்றுதான் பாக்கி என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது. காலத்தின் ஓட்டம் உள்ளுக்குள் பிடிபடாத ஏடிஹெச்டி பிள்ளைகளுக்கு இதோடு ஒரு மணல் கடிகாரமும் உதவும். மாற்றம் வரக்கூடும் என்பதற்கும் ஒரு அட்டை வையுங்கள், கேள்விக்குறி போட்டு. சிறப்பு விருந்தினர் திடீரென்று வந்து நின்றால் அந்த அட்டை காப்பாற்றும்.

சேர்ந்து செய்யும் வேலை நிஜமான வேலையாக இருக்க வேண்டும்: விளக்குகளைத் துடைப்பது, புத்தகங்களை வரிசைப்படுத்துவது, வழிபாட்டுத் தாள்களை மடித்து எண்ணி வைப்பது. வண்ணம் தீட்டும் தாளைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நீட்டினால் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வான். பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும்போதுதான் பேச்சும் தானாக வருகிறது.

என் பையன் பேசவே மாட்டான். அவன் வந்து என்ன செய்யப்போறான்?

பேச்சு வரவில்லை என்பதால் புரியவில்லை என்று ஆகாது. டேப்லெட், படப்பலகை, எழுத்துப்பலகை எதில் வீட்டில் பேசுகிறானோ அதையே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் வழிபாட்டின் சொற்கள் பெரும்பாலும் அதில் இருக்காது. பிரார்த்தனைச் சொற்கள், குழுப் பிள்ளைகளின் பெயர்கள், 'ஒப்புக்கொள்ள மாட்டேன்', 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' எல்லாவற்றையும் சேர்த்துத் தரும்படி பெற்றோரிடம் கேளுங்கள். கூட்டாகச் சொல்லும் ஒரு வரியைப் பதிவு செய்து ஒரே பொத்தானில் வைத்தால், அவன் அழுத்தி எல்லோருக்கும் முன்பாகத் தொடங்கி வைக்கலாம்.

கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், நீளமாகத்தான் தெரியும். ஐந்தாவது நொடியில் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அவனைப் பற்றி அம்மாவிடம் கேட்காமல் அவனிடமே கேளுங்கள், பதில் தாமதமானாலும்.

வழிபாட்டு நேரத்துல ஆடிக்கிட்டே இருக்கான், கையை உதறுறான். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு இல்லையா?

ஆடுவதும் கையை உதறுவதும் முனகுவதும் அவன் தன்னை நிதானத்தில் வைத்துக்கொள்ளும் வழி. அதை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும், காதில் எதுவும் விழாது. அடுத்தவரை இடிக்காத வரை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளாத வரை விட்டுவிடுங்கள். இடம் மட்டும் தாராளமாகக் கொடுங்கள், ஓர வரிசை நல்லது.

சத்தமாக முனகுவது இன்னொரு பிள்ளைக்குத் தாங்காது என்றால் அது உண்மையான முரண். இரண்டு பேர் தேவையும் நியாயம். தூரமாக உட்கார வைப்பது, ஒருவருக்குக் காது மூடி, இன்னொருவருக்கு மெல்லவோ பிசையவோ ஏதாவது கொடுத்துப் பார்ப்பது என்று வழி தேட வேண்டும். யாராவது ஒருவர் எப்போதும் விட்டுக்கொடுக்கும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவங்க வந்தா கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லணும்ல? கட்டிப்பிடிச்சு ஆசீர்வாதம் பண்ணா ஓடுறாளே!

மரியாதை காட்ட ஒரே வழிதான் என்று வைத்தால்தான் இந்தப் பிரச்சினை. கண்ணைப் பார்ப்பது சிலருக்கு உடல் ரீதியாகவே தாங்க முடியாதது, தரையைப் பார்த்துக்கொண்டுதான் நன்றாகக் கேட்பார்கள். தலையசைப்பு, கையைத் தூக்கிக் காட்டுவது, நெஞ்சில் கை வைப்பது என்று மூன்று நாலு வழிகளைச் சுவரில் ஒட்டி, எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லுங்கள். தலையில் கை வைத்து ஆசி வழங்கும் வழக்கம் இருந்தால், முன்னால் கேட்டு, 'வேண்டாம்' என்றால் ஓரடி தள்ளி நின்றே ஆசி சொல்லட்டும். இதைப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் வேலை, அவளுடையதல்ல.

ஆட்டிசம் உள்ளவர்களே நடத்திய கூட்டங்களில் பிறந்த ஒரு நல்ல வழக்கம், நிற அட்டை. பச்சை: பேச விருப்பம், ஆனால் நானாக ஆரம்பிக்கச் சிரமம். மஞ்சள்: தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு: இப்போது யாரும் வேண்டாம். பெரியவர்களும் அணிய வேண்டும். பிள்ளைகள் மட்டும் அணிந்தால் அது முத்திரை குத்துவது.

கதையில சொல்ற உவமையை அப்படியே நிஜமா எடுத்துக்கிறாங்க. எப்படிப் பாடம் எடுக்கிறது?

'கடவுள் எப்போதும் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்பது உங்களுக்கு ஆறுதல். கேட்கும் பிள்ளை குளியலறையிலும் ஒரு கண் இருப்பதாக எடுத்துக்கொண்டு குளிக்க மறுக்கலாம். அதனால் முதலில் நேரடி அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு உவமையைக் காட்டி, இது உவமை என்றும் சொல்லிவிடுங்கள். நரகம், உலக முடிவு, பலி போன்ற பகுதிகளை முந்தின வாரமே பெற்றோருக்குத் தெரிவியுங்கள்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையைத் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். புனித நூல்களின் பழைய நடை எல்லோருக்குமே கடினம், சபை முன்னால் தடுமாறுவது வருஷக்கணக்கில் மறக்காது. வாசிக்க விருப்பமுள்ளவருக்கு மூன்று நாள் முன்பே பகுதியைக் கொடுங்கள், பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு.

"கடவுள் இருக்கார்னு நிரூபிங்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குறான். திமிரா?

பெரும்பாலும் இல்லை, பதில் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறான். நேரடியாகக் கேட்பவர்களுக்கு நேரடியாகவே சொல்லுங்கள்: 'எங்கள் நம்பிக்கை இது, காரணம் இது, இந்த இடத்தில் எனக்கும் பதில் தெரியாது.' பெரியவர் ஒருவர் 'தெரியாது' என்று சொல்வதை இந்தப் பிள்ளைகள் மிகவும் மதிக்கிறார்கள். மேசையில் ஒரு கேள்விப் பெட்டி வைத்து, வாரம் இரண்டு எடுத்துப் பேசினால் பாடம் நடுவில் தடைபடுவதும் குறையும்.

2012-ல் டேமியன் மில்ட்டன் என்ற ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ளாமை ஒரு பக்கத்துக் குறையல்ல, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் தவறாகப் படிக்கிறார்கள். திமிர் என்று நமக்குப் படும் பல விஷயங்களை இப்படி வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

என் பொண்ணு ஒரே பிரார்த்தனையை இருபது தடவை சொல்றா, தப்பா சொல்லிட்டேன்னு அழுறா. பக்திதானே?

பக்தி நிம்மதியைத் தரும். இது தரவில்லை என்றால், ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய் மதத்தின் வடிவில் வந்திருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் ஓசிடி கூடுதலாகவே காணப்படுகிறது. திரும்பத் திரும்ப மன்னிப்பு கேட்பது, 'நான் பாவம் செய்தேனா?' என்று ஒவ்வொருவரிடமும் உறுதி கேட்பது, கெட்ட எண்ணம் வந்ததற்கே நடுங்குவது எல்லாம் அறிகுறிகள்.

ஒவ்வொரு முறையும் 'நீ எதுவும் தப்பு செய்யலை' என்று சமாதானம் சொன்னால் சில நிமிடம் அடங்கி, அதைவிட வேகமாகத் திரும்பும். மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். நல்ல சிகிச்சை இருக்கிறது. குருவோ போதகரோ செய்யக் கூடிய பெரிய உதவி, சிகிச்சையாளரோடு பேசி ஒரே பதிலில் நிற்பது: 'ஒரு முறை சொன்னது போதும்.'

திடீர்னு கத்தி அழுது தரையில விழுந்துட்டா என்ன செய்றது?

இது அடம் அல்ல. அடம் பிடிப்பவர் நாம் பார்க்கிறோமா என்று கவனிப்பார், கேட்டது கிடைத்ததும் நிற்பார். மெல்ட்டவுன் என்பது மூளை தாங்கும் அளவைத் தாண்டிவிட்ட நிலை, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. சிலர் கத்தாமல் அப்படியே உறைந்துபோவார்கள், பதில் வராது, அசைய மாட்டார்கள். அதுவும் இதேதான்; சத்தமில்லாததால் கவனிக்கப்படாமல் போகும்.

செய்ய வேண்டியவை இந்த வரிசையில்: மற்ற பிள்ளைகளை நடத்துபவர் அடுத்த அறைக்கு அழைத்துப் போகட்டும், துன்பப்படும் பிள்ளையை இழுத்துப் போவதைவிட இது எளிது. விளக்கு, விசிறி, பாட்டு எல்லாவற்றையும் குறையுங்கள். ஒரே ஒருவர் மட்டும் இரண்டு கை தூரத்தில் பக்கவாட்டில் உட்காரட்டும். பேச்சு குறைந்தபட்சம்: 'நான் இங்க இருக்கேன்' போதும். கேள்வி கேட்காதீர்கள், தொடாதீர்கள், சத்தமாக ஜெபமோ மந்திரமோ சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அதுவும் இன்னொரு சத்தம்தான். குப்புறப் படுக்க வைத்து அழுத்திப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து, எந்தச் சூழலிலும் கூடாது. தலையைத் தரையில் மோதினால் நடுவே தலையணை வையுங்கள்.

அடங்கிய பிறகு 20 நிமிடமாவது ஓய்வு, தண்ணீர். அன்று அறிவுரை வேண்டாம், மன்னிப்பு கேட்கச் சொல்லவும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து, அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று பிள்ளையோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். காரணம் அநேகமாக அந்தக் கடைசி நிமிடத்தில் இருக்காது. பசி, வியர்வை, தாமதமாகத் தொடங்கிய கூட்டம், பக்கத்தில் அழுத குழந்தை என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கும்.

வெளியே ஓடிட்டா?

வேறு பொறுப்பு எதுவும் தராமல் இதற்கென்றே வைக்கச் சொன்ன ஆள் பின்னாலேயே போவார், ஓட்டத்தைத் துரத்தலாக மாற்றாமல். கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் முதலில் பக்கத்தில் உள்ள நீர்நிலைகளையும் சாலையையும் பாருங்கள், பிறகு கட்டடத்துக்குள். பெற்றோருக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லுங்கள். கொஞ்ச நேரம் நாமே தேடிப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

வலிப்பு வந்தா?

ஆட்டிசத்தோடு வலிப்பு நோய் சேர்ந்து வருவது பொதுவானதைவிட அதிகம், டீன் ஏஜில் முதன்முறையாக வருவதும் உண்டு. மணி பாருங்கள். சுற்றியுள்ள பொருட்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வையுங்கள், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள், பிடித்து அடக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, இதுவே முதல் முறை என்றாலோ ஆம்புலன்ஸ்.

டூரெட் இருக்கிற பையன் பிரார்த்தனை நடுவுல கெட்ட வார்த்தை சொல்றான். இதையும் பொறுத்துக்கணுமா?

டூரெட் உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கே கெட்ட சொற்கள் வரும். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லக் கூடாத சொல்தான் அதிகம் முட்டிக்கொண்டு வரும், வழிபாட்டு இடத்தில் கூடுவது அதனால்தான். அவன் நினைத்துச் சொல்வதல்ல. கொஞ்ச நேரம் அடக்கலாம், அடக்கிய அழுத்தம் பிறகு சேர்ந்து வெளிவரும்.

சிறந்த வழி, கண்டுகொள்ளாமல் தொடர்வது. பெரியவர்கள் திரும்பாவிட்டால் பிள்ளைகளும் இரண்டு வாரத்தில் திரும்ப மாட்டார்கள். அவன் அனுமதித்தால் ஒரு முறை எல்லோருக்கும் விளக்கிவிடலாம். தெய்வ நிந்தனை என்று யாராவது கிளப்பினால் மதத் தலைவரே சொல்ல வேண்டும்: விருப்பமில்லாமல் வருவது குற்றமாகாது என்று. நடத்துபவர் சொன்னால் எடுபடாது.

இது முன்வினைப் பயன், கெட்ட ஆவின்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. வேண்டிக்கிட்டா குணமாகும்னு மருந்தை நிறுத்தச் சொல்றாங்க.

இவை பிறப்பிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடுகள், மரபணுவுக்கு இதில் பெரிய பங்குண்டு. யாருடைய பாவமும் வளர்ப்பும் காரணமல்ல. இந்தக் குழு பிள்ளையைக் குணப்படுத்த நடப்பதல்ல என்பதை முதல் நாளே எல்லோர் காதிலும் போட்டுவையுங்கள். பேய் ஓட்டுவது, கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எல்லாம் சித்திரவதை, பல நாடுகளில் சட்டப்படி குற்றம். தெரியவந்தால் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் அதுவே கடும் வலிப்பைக் கிளப்பும். பிரார்த்தனை செய்ய யாருக்கும் தடையில்லை, ஆனால் பிள்ளையின் அனுமதியோடு, அவன் என்ன வேண்டுகிறானோ அதற்காகச் செய்யுங்கள். தேர்வுக்காகவோ சண்டை போட்ட நண்பனுக்காகவோ வேண்டச் சொல்வான். எல்லோரையும்போல.

விரதம், நோன்பு எல்லாம் இருக்கச் சொல்லலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் பகலில் பசியைக் குறைக்கும், மாலையில் அதன் வேகம் இறங்கும்போதுதான் பசி எழும். மாலைக் கூட்டங்களில் சிடுசிடுப்பு கூடுவதற்கும் இதுவே ஒரு காரணம். உடலுக்குள் எழும் பசியும் தாகமும் சரியாகத் தெரியாத பிள்ளைகள், மயங்கி விழும் வரை சொல்லவும் மாட்டார்கள். விதி என்றால் விதி என்று அளவுக்கு மீறிக் கடைப்பிடிப்பவர்களும் உண்டு. உணவுக்குப் பதில் வேறொன்றைத் துறக்கும் வழி உங்கள் மரபில் இருக்கிறதா என்று மதத் தலைவரிடம் கேட்டு, அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

ஒரு பையன் ஒரு பொண்ணு பின்னாடியே சுத்துறான். ஆட்டிசம்னு விட்டுடலாமா?

விடக் கூடாது. ஈர்ப்பு தப்பில்லை, தொடர்வது தப்பு. ஜாடை மாடையாகச் சொன்னால் புரியாது. 'அவள் பக்கத்தில் உட்காராதே, அவள் முதலில் பேசினால் மட்டும் பேசு, போனில் செய்தி அனுப்பாதே' என்று எழுதியே கொடுங்கள். எதைச் செய்யலாம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தப் பெண்ணிடம் 'அவன் பாவம், அனுசரிச்சுக்கோ' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கும் இது பாதுகாப்பான இடமாக இருக்க வேண்டும், பல நேரம் அவளும் நியூரோடைவர்ஸ் பிள்ளைதான்.

பெரியவர்களுக்கும் எல்லை உண்டு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, மதத் தலைவர் உட்பட. தனிப்பேச்சு என்றால் கண்ணாடிக் கதவு அல்லது திறந்த கதவு, எட்டிப் பார்க்கும் தூரத்தில் இரண்டாமவர். தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபாருங்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிறார்கள். சொன்னதைக் கேட்டுப் பழகியவர்கள், 'பெரியவர் சொன்னால் சரி' என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் ஆசீர்வாதத்துக்குக்கூட 'வேண்டாம்' சொல்லலாம் என்று மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னோம்.

நான் உள்ளேயே உட்கார்ந்துக்கலாமா? அவன் என்ன பண்றான்னு பார்க்கணும்.

முதல் இரண்டு முறை இருங்கள், கடைசி வரிசையில். பிறகு பக்கத்து அறை, பிறகு வெளியே. பதினைந்து வயதுப் பிள்ளை அம்மா முன்னால் தன் வயதுக்காரர்களிடம் பேச மாட்டான், அது எந்த மூளைக்கும் பொருந்தும். பக்கத்து அறையில் மற்ற பெற்றோரும் இருப்பார்கள். அவர்களுக்கும் பேச ஆள் கிடைப்பது அங்கேதான்.

நான் 15. அம்மா கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வர்றாங்க. எனக்கு வரப் பிடிக்கல. யார்கிட்ட சொல்றது?

நடத்துபவரிடம் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். பிடிக்காதது எது என்று பிரித்துப் பார்: சத்தமா, ஆட்களா, நேரமா, வழிபாடா? முதல் மூன்றையும் மாற்றிப் பார்க்க முடியும். வழிபாட்டிலேயே விருப்பமில்லை என்றால், சேர்ந்து செய்யும் வேலைக்கு மட்டும் வா. அந்த நேரத்தில் உன்னை யாரும் பிரார்த்தனைக்கு இழுக்க மாட்டார்கள். அதுவும் வேண்டாம் என்றால் அம்மாவிடம் பேச நடத்துபவர் உன்னோடு உட்கார வேண்டும், அது அவர் கடமை.

18 முடிஞ்சதும் எங்கே போவாங்க?

17 வயதிலேயே தொடங்குங்கள். பெரியவர்களின் குழுவில் ஒரு நிலையான பொறுப்பைப் பிடித்துக் கொடுங்கள்: ஒலி அமைப்பு, நூலகம், கணக்கு எழுதுவது, தோட்டம். மணிக்கணக்கில் ஒரே விஷயத்தில் ஆழ்ந்துபோகும் பிள்ளைக்கு மிக்ஸர் பலகையைக் கொடுத்தால், மேலே சொன்ன கீச்சலை ஒழித்துக்கட்டுவதே அவனாக இருக்கும். படிவத்தின் பிள்ளை பக்கத்தை இப்போது அவனே புதிதாக எழுதி, அங்குள்ள பொறுப்பாளரிடம் அவனே கொடுக்கட்டும். முதல் ஆறு மாதம் இரண்டு குழுவுக்கும் வரலாம். பழைய குழுவில் விருப்பமிருந்தால் நடத்துபவர்களில் ஒருவராகவும் திரும்பலாம். அப்படி வந்தால் தன்னார்வலர்களுக்கான பின்னணிச் சரிபார்ப்பும், தனியாக இருக்கக் கூடாது என்ற விதியும் அவருக்கும் உண்டு.